பதினைந்து தப்படித் தூரம்

மூன்று வருடத்துக்கு முன்பு நான் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத்தின் நகல் இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. எங்கள் ரைஃபிளுக்கு எந்தக் குறிபார்க்கும் கருவியைப் பொருத்தலாம் என்று பரிந்துரை செய்யும் பக்கம். அதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. யார் படித்தாலும் விஷயம் தெரிந்தவள் எழுதியது என்றுதான் நினைப்பார்கள். அந்தப் பக்கத்தை நம்பி ஒருவன் முதலை கிடந்த சேற்றில் இறங்கினான்.

நான் எங்கள் தீவின் வடகோடியில், திக்லிபூரில் வனக் காவலர். மழைக்காலத்தில் கடலிலிருந்து ஓடை வழியாக முதலை ஏறி வந்து வயல் குட்டையில் படுத்துக்கொள்ளும். அப்போது ஊர்க்காரர்கள் கூப்பிடுவது எங்களைத்தான். கொல்லக் கூடாது. பிடித்துக் கொண்டுபோய் ஆளில்லாத உப்பங்கழியில் விட வேண்டும். முதலில் கூண்டு வைத்துப் பார்ப்போம். கூண்டுக்கு வராத முதலையைக் கயிறு போட்டுத்தான் பிடிக்க வேண்டும். தலைக்கு ஒரு கயிறு, வாலுக்கு ஒரு கயிறு. இரண்டு பக்கமும் ஆட்கள் இழுத்து அடக்கியதும் ஒருவன் இறங்கி, ஈரச் சாக்கை அதன் கண்மேல் போட்டு, சைக்கிள் டியூபால் வாயைக் கட்டுவான். கரையில் ஒருத்தி துப்பாக்கியோடு நிற்பாள். அந்த ஒருத்தி நான்.

ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய பழைய ரைஃபிள் அது. இறங்கியவனை முதலை கவ்விவிட்டால், வேறு வழியே இல்லையென்றால், அப்போது மட்டும்தான் சுட வேண்டும். பதினோரு வருடத்தில் எனக்கு அந்த அவசியம் ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனாலும் அது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அவன் இறங்குவான்.

அவன் என்னைவிட எட்டு வயது சின்னவன். தெற்கே கட்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிய குடும்பம். சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து வந்தவர்கள். சுனாமிக்குப் பிறகு வேலை தேடி வடக்கே வந்து எங்களோடு சேர்ந்தான். என்னை அக்கா என்பான், எனக்கு அவன் தம்பி. அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. இறங்கப் போகும் இடத்திலிருந்து தப்படி எண்ணிக்கொண்டே நடந்து வருவான், சின்ன வயதில் ரப்பர் மர வரிசையை எண்ணி நடந்த மாதிரி. பதினைந்தாவது தப்படியில் குதிகாலால் மண்ணைக் கிளறி ஒரு கோடு போடுவான். துப்பாக்கிக்காரர் அங்கேதான் நிற்க வேண்டும். பிறகு என் தோளுக்குப் பின்னால் வந்து, ரைஃபிளை வாங்கி, தான் நிற்கப்போகும் இடத்தைக் குறி வழியாக ஒருமுறை பார்ப்பான். அதைப் பார்க்காமல் அவன் இறங்கியதே கிடையாது. துப்பாக்கியோடு யார் நிற்பது என்பதையும் அவன்தான் சொல்வான். உயிர் அவனுடையது என்பதால் அதிகாரிகளும் இதில் தலையிட்டதில்லை. பதினோரு வருடமும் அவன் என்னைத்தான் சொன்னான்.

நாற்பத்து நாலு வயதில் எனக்கு வெள்ளெழுத்து வந்தது. ஃபோனைத் தள்ளித் தள்ளிப் பிடித்துப் படித்தேன். உன் கை இன்னும் ஒரு முழம் நீளமாக இருந்திருக்கலாம் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். நகரத்தில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குள் மட்டும் போடுவேன். வேலைக்குப் போட்டுக்கொண்டு போக மானம் இடம் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்து என்.சி.சி. நாளிலிருந்து குறி பார்ப்பதில் என்னைத் தாண்டியவர் கிடையாது. பொம்பளைக்கு எதற்குத் துப்பாக்கி என்று கேட்டவர்களை எல்லாம் சுடுதளத்தில் வாயடைக்க வைத்தவள் நான். கண்ணாடி போட்ட அன்றே அவர்கள் எல்லோருக்கும் வாய் திறந்துவிடும் என்று நினைத்தேன்.

பழைய ரைஃபிளில் இருப்பது அயர்ன் சைட். கண்ணுக்கு அருகே ஒரு சின்ன வெட்டு, குழல் நுனியில் ஒரு முள். வெட்டுக்கு நடுவில் முள்ளை வைத்து, முள்ளை இலக்கில் வைக்க வேண்டும். கண்ணால் ஒரே சமயத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். பார்க்க வேண்டியது முள்ளை. எனக்கு அந்த முள் எருக்கம் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடி போட்டுப் பார்த்தால் முள் தெளிந்தது, இலக்கு கலங்கியது. இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. இரண்டு முறை, தம்பி சேற்றில் இருக்கும்போது, அந்தப் பஞ்சு வழியாகப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றிருக்கிறேன். அந்த இரண்டு முறையும் முதலை சாதுவாக இருந்தது என் அதிர்ஷ்டம்.

அந்தச் சமயத்தில்தான் புதிதாக வந்த அதிகாரி ரைஃபிளை மெயின்லேண்டுக்கு அனுப்பி, மேலே இரும்புப் பட்டை ஒன்று பொருத்தி வரவழைத்தார். அதோடு ஒரு ஸ்கோப்பும் ஒரு ரெட் டாட்டும் வந்தன. பட்டையில் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டலாம், இரண்டையும் கழற்றிவிட்டால் பழைய முள்ளும் வெட்டும் தெரியும். மூன்றையும் சோதித்து, முதலை வேலைக்கு எது நல்லது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், அப்படியே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

கைவிட்டுப்போன கல் குவாரி ஒன்றில் சோதனை வைத்தோம். என்னோடு வந்தவர் எங்கள் படகை ஓட்டும் காவலர், என்னைவிட வயதில் மூத்த பெங்காலிக்காரர். படகில் மன்னர், துப்பாக்கியில் எங்களுக்கெல்லாம் வேடிக்கை. அவர் சுட்டால் அட்டைக்குப் பின்னால் இருக்கும் மண்மேடுதான் சாகும் என்று நானே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவரும் கூடவே சிரிப்பார்.

முதலில் ரெட் டாட்டை மாட்டி, தம்பியின் கணக்குப்படி பதினைந்து தப்படியில் அட்டையை வைத்தோம். அது எதையும் பெரிதாக்கிக் காட்டாது. சின்ன ஜன்னல் மாதிரி ஒரு கண்ணாடி, அதில் ஒரு சிவப்புப் புள்ளி. இரண்டு கண்ணையும் திறந்து இலக்கைப் பார்த்தால் போதும், புள்ளி தானாக அதன்மேல் வந்து உட்காரும். எனக்குக்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஐந்து சுட்டேன், ஐந்தும் வட்டத்துக்குள். பிறகு படகுக்காரர் சுட்டார். அவருக்கும் ஐந்தும் வட்டத்துக்குள். அட்டையை எடுத்துக்கொண்டு வந்து பள்ளிக்கூடப் பிள்ளை பரிசு வாங்கின மாதிரி என்னிடம் காட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எரிந்தது. யார் சுட்டாலும் படும் என்றால் பிறகு நான் எதற்கு?

ஸ்கோப்பை மாட்டும்போது, ஒழுங்கான சோதனை என்றால் ஐம்பது மீட்டர் வேண்டும் என்று சொல்லி அட்டையைத் தூரத் தள்ளி வைத்தேன். படகுக்காரர் தலையாட்டினார். ஸ்கோப்பில் முள்ளும் கிடையாது, வெட்டும் கிடையாது. எல்லாம் ஒரே கண்ணாடிக்குள் நாலு மடங்கு பெரிதாக வந்து நிற்கிறது. எனக்குப் பழைய கண் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. ஐந்து தோட்டாவும் ஒரு டீ கிளாஸ் வாய்க்குள் அடங்கின. அதே தூரத்தில் ரெட் டாட் வைத்து படகுக்காரர் சுட்டது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறியது. அயர்ன் சைட் எடுத்து அவர் சுட்டதைப் பற்றிப் பேச வேண்டாம். என் முறை வந்தபோது, வெயில் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லி மூட்டை கட்டிவிட்டேன்.

அன்று மாலையே எழுதிக் கொடுத்தேன். ஐம்பது மீட்டரில் ஸ்கோப்பின் துல்லியம் மற்ற இரண்டையும்விட மேல். ரெட் டாட் பாட்டரியில் ஓடுவது. உப்புக்காற்றில் எப்போது அணையும் என்று சொல்ல முடியாது. அயர்ன் சைட்டில் சிதறல் அதிகம். எல்லாம் உண்மை. வந்த புதிதில் அணைக்க மறந்துபோன ரெட் டாட் அலமாரிக்குள் ஒரு வாரமாக எரிந்துகொண்டே இருந்ததை மட்டும் எழுதவில்லை. எங்கள் வேலை ஐம்பது மீட்டரில் நடப்பது இல்லை, பதினைந்து தப்படியில் நடப்பது என்பதையும் எழுதவில்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டார். தம்பியிடம் சொன்னேன். "நீங்க பாத்துட்டா சரிதான்க்கா" என்றான்.

இரண்டு மாதம் கழித்து, பாக்குத் தோப்பு ஒன்றை ஒட்டிய குட்டையில் ஒரு முதலை படுத்துக்கொண்டது. பதினோரு அடி இருக்கும். வாத்துகள் போயின, ஒரு நாய் போயிற்று. ஐந்து நாள் கூண்டில் கோழியைக் கட்டிவைத்தும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் குட்டையில்தான் நாலைந்து வீட்டுக்காரர்கள் தண்ணீர் எடுக்கிறார்கள். இனி காத்திருக்க முடியாது என்று டீசல் பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்து, முழங்கால் அளவு சேறாக்கினார்கள்.

காலையில் ஜீப்பில் போனோம். உப்புக்காற்று படாமல் இருக்கட்டும் என்று ரைஃபிளை இரவெல்லாம் ஏ.சி. அறையில் வைத்திருந்தேன், ஜீப்பிலும் ஏ.சி.தான். குட்டைக் கரையில் இறங்கியதும் ஸ்கோப்பின் குளிர்ந்த கண்ணாடி ஈரம் படிந்து, பால் ஊற்றின மாதிரி வெளுத்துப் போயிற்று. இந்தத் தீவில் குடியிருப்பவர்களுக்கு மூக்குக்கண்ணாடி ஒவ்வொரு நாளும் சொல்லித் தரும் பாடம் அது. குறியை அறைக்கு வெளியே வைத்துப் பழக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கைக்குட்டை முனையால் துடைத்தேன், மறுபடி படிந்தது. துடைத்தேன். பத்து நிமிடத்தில் விலகிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டேன்.

தலைக்கயிறு விழுந்தது, வால்கயிறும் விழுந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். படகுக்காரர் தலைக்கயிற்றில் முதல் ஆள். தம்பி தப்படி எண்ணி வந்து கோடு போட்டான். பிறகு என் பின்னால் வந்து ரைஃபிளை வாங்கிக் குறி வழியாகப் பார்த்தான். வழக்கமாக ஒரு நொடி பார்த்துவிட்டுத் தந்துவிடுவான். அன்று பார்த்துக்கொண்டே இருந்தான். குழலை மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினான், வலப்பக்கம் நகர்த்தினான். கண்ணை எடுத்துக் குட்டையைப் பார்த்துவிட்டு மறுபடி ஸ்கோப்பில் பார்த்தான்.

"அக்கா, இதுல நான் எங்க நிப்பேன்?"

எனக்குப் புரிந்தது. பதினைந்து தப்படியில் அந்த ஸ்கோப் ஒரு மேஜை அகலத்துக்குக்கூட இடம் காட்டாது. நாலு மடங்கு பெரிதாக்கிய சேறு மட்டும் தெரியும். அவன் கேட்டதற்கு உண்மையான பதில், தெரியாது என்பதுதான். ஸ்கோப்பைக் கழற்ற ஐந்து நிமிடம் போதும். ரெட் டாட் ஜீப்பிலேயே, என் பைக்குள்ளேயே இருந்தது. எடுத்தால் ஏன் இதை எழுதிக் கொடுத்தாய் என்ற கேள்வி வரும். கயிறு பிடித்தவர்கள் காத்திருந்தார்கள், அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும். நீ போ தம்பி" என்றேன்.

அவன் என் முகத்தை ஒருமுறை பார்த்தான். ரைஃபிளைக் கையில் கொடுத்துவிட்டு, சாக்கையும் டியூபையும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

போல்ட்டைத் தள்ளித் தோட்டாவை ஏற்றினேன். விரலைத் துப்பாக்கிக் குதிரைக்கு வெளியே நீட்டி வைத்தேன். ஸ்கோப்பில் அவன் முதுகு தெரிந்தது, சட்டைத் தையல் பிரிந்திருந்தது தெரிந்தது. அவன் குனிந்தான், சட்டை போய் முதலையின் கழுத்துச் செதில் வந்தது. சாக்கு விழுந்தது. ஒரு நொடி எல்லாம் அசையாமல் நின்றது. அப்புறம் முதலை உருண்டது.

கயிற்றில் அகப்பட்ட முதலை உருளும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வால்கயிற்றைப் பிடித்தவர்களின் கால் வழுக்கிவிட்டது, அது யாரும் எதிர்பார்க்காதது. தம்பி விழுந்த சத்தம் கேட்டது. ஸ்கோப்பில் சேறு. குழலைத் திருப்பினேன், சேறு. கருப்பாக வழவழவென்று ஒன்று குறுக்கே போயிற்று. அவன் காலா, முதலையின் அடிவயிறா? சேறு பூசினால் இரண்டுக்கும் ஒரே நிறம். ஸ்கோப்பில் தெரியும் குறுக்குக்கோட்டின் நடுவே ஏதோ ஒன்று மேலும் கீழும் துடித்தது. என் விரல் குதிரைக்குள் போயிருந்தது. எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியாது.

ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தேன். எல்லாம் தெரிந்தது. முதலை பக்கவாட்டில் கிடந்தது, மேல்தாடையில் மட்டும் கயிறு இருந்தது, திறந்த வாய்க்கு ஒரு முழம் தள்ளி தம்பியின் இடுப்பு. முதலையின் காதுக்கு மேலே சுடுவதற்கு இடமும் இருந்தது. ஆனால் வெறுங்கண்ணால் பார்த்துச் சுட அந்தத் துப்பாக்கியில் குறி இல்லை. முள்ளையும் வெட்டையும் ஸ்கோப் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மறுபடி கண்ணை வைத்தேன். சேறு. யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், சுடு என்றா சுடாதே என்றா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் சுடவில்லை. பொறுமையால் இல்லை, பயத்தால். எதைச் சுடுகிறேன் என்றே தெரியாத பயம்.

தலைக்கயிற்றைப் பிடித்திருந்த படகுக்காரர் கரையை விட்டு முழங்காலளவு சேற்றுக்குள் குதித்து, உடம்போடு சாய்ந்து கயிற்றைப் பக்கவாட்டில் இழுத்தார். முதலையின் தலை ஒரு முழம் திரும்பியது. அந்த ஒரு முழத்தில் தம்பி புரண்டு வெளியே வந்தான். வலது உள்ளங்கை கிழிந்து தொங்கியது. ஒரு பூட்ஸ் சேற்றோடு போய்விட்டது. அப்படியே முட்டி போட்டுத் திரும்பி, இடது கையால் சாக்கைத் தேடி எடுத்து, முதலையின் கண்மேல் போட்டு, மற்றவர்கள் வந்து அமுக்க, வாயைக் கட்டிவிட்டுத்தான் எழுந்தான்.

நான் கோட்டின்மேல் நின்றபடியே தோட்டாவை வெளியே எடுத்தேன். அது கீழே விழுந்து புல்லுக்குள் போனது. அதிகாரி வந்து, இந்த நெருக்கடியிலும் அவசரப்பட்டுச் சுடாமல் நின்றீர்களே, உங்கள் நிதானம்தான் இன்று இரண்டு உயிரையும் காப்பாற்றியது என்றார். எல்லோர் காதிலும் விழும்படி இந்தியில் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு தோட்டாவைத் தேடினேன். அந்தப் பாராட்டை மறுக்கவில்லை. இன்றுவரை எனக்கு ஆறாமல் இருப்பது அதுதான்.

தம்பியின் கையில் ஒன்பது தையல். இரண்டு வாரம் விடுப்பில் இருந்தான். ஒரு ஃபோன்கூட இல்லை. பார்க்கப் போவதற்கு எனக்கு ஆறு நாள் தைரியம் வரவில்லை. ஏழாம் நாள் அவன் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு, கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து அவன் முன்னாலேயே போட்டுக்கொண்டேன். முள் தெரியாமல் போனதையும், ரெட் டாட்டில் படகுக்காரர் ஐந்துக்கு ஐந்து அடித்ததையும், அட்டையை ஐம்பது மீட்டருக்குத் தள்ளியதையும், அன்று ஸ்கோப்பில் சேறு மட்டும் தெரிந்ததையும் சொன்னேன். நடுவில் அழுதேன்.

முடித்ததும் சொன்னான்: "அதுல பாத்தப்பவே தெரியும்க்கா ஒண்ணும் தெரியாதுன்னு. நீங்க போன்னு சொன்னீங்க. அதான் போனேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் புதிதாக ஒரு பக்கம் எழுதினேன். எங்கள் வேலை நடப்பது பதினைந்து தப்படிக்குள். இந்தத் தூரத்துக்கு ரெட் டாட். பாட்டரி போனால் கழற்றிவிட்டு, கண் தெளிவாக இருப்பவர் கையில் அயர்ன் சைட். ஸ்கோப் வேண்டாம். குறி எதுவானாலும் ஏ.சி. அறையில் வைக்கக் கூடாது, ஈரம் படியாமல் பல்பு எரியும் அலமாரியில் வைக்க வேண்டும். கடைசி வரியாக, முந்தைய சோதனையில் தூரத்தை மாற்றியது நான், எனக்கு வெள்ளெழுத்து வந்ததை மறைப்பதற்காக என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி இரண்டு முறை படித்தார். விளக்கம் கேட்டு மெமோ வந்தது, பதில் கொடுத்தேன். ரெட் டாட் உங்களுக்கும் தெளிவாகத் தெரிகிறது என்றால் நீங்களே நிற்கலாமே என்றார். நிற்கலாம்தான். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது அவரும் இல்லை, நானும் இல்லை.

நாலு மாதம் கழித்து மறுபடி ஒரு குட்டை. தம்பி தப்படி எண்ணி வந்து கோடு போட்டான். நான் ரைஃபிளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றேன். கூப்பிட்டுவிடுவான் என்று ஆசையாக இருந்தது. அவன் படகுக்காரரைக் கூப்பிட்டான். நான் ரைஃபிளை அவரிடம் கொடுத்தேன். தம்பி அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்று, ரெட் டாட் வழியாக ஒரு நொடி பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நகர்ந்தேன். அவன் நேரே என்னிடம் வந்தான். படகுக்காரர் விட்டுவந்த தலைக்கயிற்றின் முதல் பிடியை, தையல் தழும்பு இருந்த கையால் எடுத்து என் கையில் வைத்தான்.

"துப்பாக்கியில நீங்க எப்படி இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா. கயித்துல இழுத்துப் பாத்தா தெரியும்."

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் விதி. சுற்றாமல், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். அவன் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினான்.